சங்கையா வைத்துப்போன மூன்றாம் கூப்பிடு

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் ரயில்பாதையில் வெள்ளாரம்பதி என்று ஒரு ஸ்டேஷன். உங்களில் யாராவது முன்பு எப்போதோ அந்த வழியாகப் போயிருந்தால் இப்போது அடையாளம் தெரியாது. ஒற்றைப் பிளாட்பாரமும் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடமுமாகக் கிடந்த இடத்தைச் சுற்றி இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கம் ரயில் வந்து நிற்கும், அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும். நடுவே நகரும் படிக்கட்டு. அதில் கால் வைக்கப் பயந்து பக்கத்துப் படியில் ஏறுகிறவர்கள்தான் இன்னமும் பாதிப் பேர். கருங்கல் கட்டடத்தை மட்டும் இடிக்கவில்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே அது அப்படியே நிற்கிறது, ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு இருக்கிற மாதிரி. பழைய டிக்கெட் அறையில்தான் இப்போது விசாரணைக் கவுண்டர்.

அங்கே மைக்கில் பேசுகிற பெண் நர்மதா. சித்தூர்க்காரி, முப்பது தாண்டியவள். ரயில் பெயர், பஸ் பெயர், ஊர்ப் பெயர், மணி, நிமிஷம் எல்லாவற்றையும் அவள் குரலில் முன்கூட்டியே பதிந்து கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். அதுவே கோர்த்துச் சொல்லிக்கொள்ளும். யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் அந்தப் பேரை அவள் பேசிக் கொடுப்பாள்.

மார்கழி முடியப்போகிற சமயம். கணவாய்க் காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்து கண்ணாடியில் மண்ணை அறைந்துகொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை, உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால், அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். காதில் கல்லுத்தோடு, காலில் வாய்க்கால் சேறு. காளியாத்தாள் என்று பெயர். ஸ்டேஷனுக்குத் தெற்கே வாய்க்காலைத் தாண்டினால் அவர்கள் தென்னந்தோப்பு.

"அம்மிணி, மைக்குல பேசறது நீதானா?"

"ஆமாங் பெரியம்மா. எந்த ஊருக்குப் போகோணும்?"

"நா எங்கியும் போகுல. எங்கூட்டுக்காரரக் கூப்படறத நிறுத்திக்கோ. அதச் சொல்லத்தான் வந்தே."

நர்மதாவுக்கு விளங்கவில்லை. "நா யாரையுங் கூப்படலீங்களே. அவரு பேரென்னங்க?"

காளியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூடச் சொன்னதில்லை.

"முருகனுக்கு எத்தன ஊடு?"

"ஆறுங்க."

"அந்த ஊட்டுல இருக்கறது யாரு?"

"சாமிங்க."

"ரெண்டையுஞ் சேத்திக்கோ."

பக்கத்து மேசையில் பஸ் நேரம் பார்க்கிற மலையாளத்துக்காரி ஆன்மேரி சிரித்துவிட்டாள். "எந்தொரு கஷ்டமாணு நர்மதே. பேரு கேட்டா போன்ல வர்ற ஓடிபி மாதிரியல்லே வருது."

"சிரி, சிரி. நீங்க புருசன வாடா போடாங்கறவீங்க. எங்களுக்கு அது ஆகாது."

"அய்யோ அம்மச்சி, என்றெ வீட்டு ஆள் என்னைத்தான் வாடீ போடீங்கும்."

காளியாத்தாள் சிரிக்கவில்லை. கவுண்டர்க் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பதினோரு நாளாக, தினமும் பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, ஸ்டேஷன் ஸ்பீக்கரில் அவள் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிடுகிறார்கள். எங்கிருந்தாலும் பிளாட்பாரத்துக்கு வரவும் என்று. காற்று இந்தப் பக்கமிருந்து வீசுவதால் தோப்புக்குள் நிற்கிற மனுஷனுக்குக் காதோடு சொன்ன மாதிரி கேட்கிறது. குரல் இந்த அம்மிணியின் குரல்தான். இரண்டு தடவை கூப்பிடும், நின்றுபோகும்.

"ரெண்டு டைமுதான் கூப்படறே. அதனாலதே இன்னும் எங்கூட்ல இருக்கறாரு," என்றாள்.

இது அந்தப் பக்கத்துப் பழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். உச்சி வேளையிலோ இருட்டிலோ ஆள் முகம் தெரியாமல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "ஏன்" என்று கேட்கக்கூடாது. மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றதற்கு இரண்டுக்கு மேல் வாய் வராது. கிழக்குப் பாலக்காட்டில் மண்வெட்டி பிடிக்கிறவர் முதல் கம்ப்யூட்டர் படித்தவர் வரை முதல் இரண்டு கூப்பிடுக்கு எழுந்திருக்க மாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

புது ஸ்டேஷனிலோ எந்த அறிவிப்பும் இரண்டு தடவைதான். சத்தம் அதிகமாகக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவு. அதனால் வந்த கூத்தைக் கேளுங்கள். போன ஆவணியில் எருத்தேம்பதிக்காரர் ஒருவர் மருந்துப் பையைப் பெஞ்சில் விட்டுவிட்டார். நர்மதா அவர் பேரைக் கூப்பிட்டாள். அவர் எட்டடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டோடு நின்றதும் எச்சில் விழுங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் வந்து சண்டை. "கூப்பட்டா ஒழுங்காக் கூப்படோணும். அரையுங்குறையுமா உட்டா எவன் வருவான்?"

நர்மதாவே இந்த மண்ணில் பிறந்தவள். அவளுக்குப் புரிந்தது. ஆபீசுக்குக் கடிதம் எழுதினாள்: இந்த ஊர் மக்கள் இரண்டு அழைப்புக்கு வருவதில்லை, மூன்றாக்கித் தர வேண்டும். நாலு மாசம் கழித்து, முந்தின நாள்தான் பதில் வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் எல்லா அழைப்பும் மூன்று தடவை.

பெரியம்மாவைத் தேற்றுகிற நினைப்பில் அவள் இதையும் சொல்லிவைத்தாள். "பயப்படாதீங்க. திங்கக்கிழமலிருந்து மூணு டைமு கூப்படலாம்னு உத்தரவாயிருச்சுங்க. நாந்தே எழுதிப்போட்டே. இனி எந்தக் கொழப்பமும் இல்லீங்க."

காளியாத்தாள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆன்மேரி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்தபிறகுதான் காளியாத்தாள் சங்கையாவின் கதையைச் சொன்னாள்.

இங்கே மீட்டர் கேஜ் வண்டி ஓடின காலத்தில் சங்கையா என்று ஒரு போர்ட்டர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பகல் வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு டிக்கெட்தான் போகும், எல்லாம் முகம் தெரிந்தவர்கள். டிக்கெட் வாங்கியவன் யாராவது ஏறாமலிருந்தால் சங்கையா பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நின்று பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது முடிந்தபிறகுதான் கார்டு கொடி காட்டுவார்.

காளியாத்தாளின் வீட்டுக்காரருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் ஒரு மில்லில் வேலை சொல்லியிருந்தார்கள். டிக்கெட் வாங்கிவிட்டு ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவர் கண்ணயர்ந்துவிட்டார். பன்னிரண்டு பத்து வண்டி. கூப்பிடு கேட்டு விழித்தார். ஆள் தெரியவில்லை, கட்டடம் மறைத்தது. உச்சி வேளை. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தார். மூன்றாவது வரவில்லை. வண்டி நாலு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. அப்புறம் போய்ப் பார்த்தால் சங்கையா பிளாட்பாரக் கோடியில் விழுந்து கிடக்கிறார். வாய் திறந்தபடி இருக்கிறது. மூன்றாவது கூப்பிடு அந்த வாயிலேயே நின்றுபோய்விட்டது.

"அது இன்னும் பாக்கி இருக்குதம்மிணி," என்றாள் காளியாத்தாள். "பதினோரு நாளா அவரு காத வெச்சுக்கிட்டே நிக்கறாரு. மூணாவது கேட்டா நா போகோணும் புள்ளைங்கறாரு. நீ போயி அதுக்கு உத்தரவு வாங்கிக் குடுத்திருக்கறே."

நர்மதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஸ்பீக்கரில் மணி ஒலித்தது.

"பயணிகள் கவனத்திற்கு. திரு ஆறுச்சாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே பிளாட்பாரத்துக்கு வரவும்."

நர்மதாவின் குரல்தான். அந்த 'உடனே'யில் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பாள், அதுகூட அப்படியே. மைக் அணைந்து கிடந்தது. நர்மதாவின் உதடு மூடியிருந்தது. ஆன்மேரி அந்த உதட்டையே பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி உதட்டைப் பார்த்தாள்.

இரண்டாவது தடவையும் சொல்லிற்று. அப்புறம் நின்றது. ஸ்பீக்கருக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிளாட்பாரக் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

ஆன்மேரி கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடியே கம்ப்யூட்டரில் தேடினாள். அன்றைக்கு அந்தப் பேரில் அழைப்பே இல்லை. பதினோரு நாளாகவும் இல்லை. ஆறுச்சாமி என்ற பேரை நர்மதா ஒருநாளும் பேசிக் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஐந்துக்கு ஆன்மேரி அறிவிப்பு மெஷினின் வயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சை விளக்கு அணைந்தது. பன்னிரண்டு பத்துக்குக் குரல் வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

சனிக்கிழமை வேறொன்று நடந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கொழிஞ்சாம்பாறை பஸ் தாமதம் என்று நர்மதா நேரடியாக மைக்கில் சொல்ல வேண்டி வந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினாள். அவள் பேசி முடிக்கும்வரை அந்தக் குரல் வரவில்லை. முடித்ததும்தான் கூப்பிட்டது.

மத்தியானம் அவள் வாய்க்காலைத் தாண்டித் தோப்புக்குப் போனாள். ஆறுச்சாமி மட்டை உரித்துக்கொண்டிருந்தார். வளர்த்தியான மனிதர், முன்பல் ஒன்று இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து ஓர் இளநீரைச் சீவி நீட்டினார்.

"ரேடியோ அம்மிணியா? தெனமும் மரியாதையாத்தே கூப்படறே. திரு எல்லாம் போட்டு."

"அது நானில்லீங்க பெரியப்பா."

"தெரியுஞ் சாமி. சங்கையண்ணனுக்கு இப்பக் கொரல் இல்ல. உன்றத எரவல் வாங்கியிருக்கறாரு." மட்டையை ஓரமாகத் தள்ளினார். "அவரு யாரையும் பாதில உட்டவரில்ல. நாந்தே தூங்கிப் போனே. டிக்கட் எடுத்தவன் ஏறாம இருந்தா மத்தவீங்களும் காத்துக் கெடக்கோணுமல்லொ."

"போகாம இருந்தா என்னங்க?"

"நா கலியாணங் கட்டுனது, புள்ளைகளப் பெத்தது, இந்தத் தோப்பு வெச்சது, அல்லாமே ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலதே. எத்தன நாளைக்கு அவர வாயத் தொறந்துட்டே நிக்கச் சொல்றது?"

காளியாத்தாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "இந்த நாயத்த எல்லாம் என்னப் பொண்ணு பாக்க வந்தப்பச் சொல்லியிருக்கோணும். எங்கப்பன் வேற எடம் பாத்திருப்பாரு."

"பாத்தீங்களா அம்மிணி. நாப்பத்தாறு வருசம். இன்னும் எடம் பாத்துட்டிருக்கறா."

அவர் சிரித்தார். காளியாத்தாள் நர்மதாவை வாய்க்கால்வரை கொண்டுவிட வந்தாள். பஸ் அறிவிப்பு நடக்கும்போது குரல் வாயைத் திறக்கவில்லை என்று நர்மதா சொன்னதைக் கேட்டு நின்றாள். "சங்கையண்ணன் அப்படித்தே. ஸ்டேசன் மாஸ்டரு பேசிட்டிருந்தா நடுவுல வாய் வெக்க மாட்டாராம்." கொஞ்சம் யோசித்தாள். "வண்டி நிக்கறது நாலு நிமிசம். ரெண்டு கூப்படட்டும். அப்பறம் நீ மைக்கப் புடிச்சுக்கோ. நாலு நிமிசம் உடாமப் பேசு. பன்னெண்டு பதினாலாச்சுன்னா வண்டி போயிரும். அப்பறம் கூப்பட்டு என்ன?"

ஞாயிற்றுக்கிழமை நர்மதா ஆபீசுக்குப் போன் போட்டு உத்தரவைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டார்கள். மூன்று வேண்டும் என்று கடிதம் எழுதியதும் நீதானே என்றார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. அதிகாலையிலிருந்தே எல்லா அழைப்பும் மூன்று தடவை வந்தது. ஜனங்கள் மூன்றாவதுக்கு டக் டக்கென்று எழுந்து கவுண்டருக்கு வந்தார்கள். பதினொன்றரைக்கு ஆறுச்சாமி வந்தார். சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். பிளாட்பாரத்தில் பழைய கல்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எவ்வளவோ மறித்தும் கேட்காமல் வந்துவிட்டார் என்று புலம்பிக்கொண்டே பின்னால் வந்த காளியாத்தாள் நேரே கவுண்டர் அறைக்குள் நுழைந்தாள். ஆன்மேரி கதவைத் தாழிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று விழுந்துவிட்டது. அந்த மாசத்தில் அப்படி நடக்காது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் செங்குத்தாக இறங்கி, நிற்கிறவர்களின் நிழலையெல்லாம் காலுக்கடியில் ஒடுக்கிவிட்டது. பஸ்கள் வரிசையாக நின்றன. நகரும் படிக்கட்டு ஆளில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

மணி ஒலித்தது. ஒரு தடவை கூப்பிட்டது. இரண்டு.

நர்மதா மைக்கை அழுத்தினாள். பொள்ளாச்சி பஸ், சித்தூர் பஸ், வாளையார் வழி கோயம்புத்தூர் பஸ், எல்லாவற்றையும் சொன்னாள். ரயில் நேரங்களைச் சொன்னாள். கழிப்பறை எந்தப் பக்கம், பால் கொடுக்கிற தாய்மாருக்கு அறை எந்தப் பக்கம் என்று சொன்னாள். அவள் குரலுக்கு அடியில் இன்னொரு மூச்சு காத்துக்கொண்டிருப்பது ஹெட்போனில் கேட்டது. அது தன் முறைக்கு நிற்கிறது. அவள் நிறுத்தினால் ஆரம்பிக்கும். பன்னிரண்டு பன்னிரண்டு ஆனபோது இருமல் வந்தது. கையை ஆட்டினாள். காளியாத்தாள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றது ஸ்டேஷன் முழுக்க. "உங்களுக்கு வேற வேல இல்லீங்களா? காத்தால சொன்னே, செவலை மாடு தண்ணி குடிக்கலைன்னு. பாத்தீங்களா? வெள்ள வேட்டி கட்டிட்டு வந்து உக்காந்திருக்கறீங்க. அத வெளுக்கறது யாரு, நீங்களா? மோட்டார் சுச்சப் போட்டுட்டு வந்துட்டீங்க. வாய்க்கா பூரா நம்ம தண்ணிதே ஓடுது. பெரியவ போன் பண்ணுனா, அப்பங்கிட்டக் குடுங்கறா. அப்பன் வண்டிக்குப் போறாருன்னு சொல்லட்டுங்களா? பீர்க்கங்கா பறிச்சு வெச்சிருக்கறே. ஒத்த ஆளுக்கு எப்படி ஆக்கறது? சின்னச் சட்டி எங்க இருக்குதுன்னுகோட எனக்குத் தெரியாது…"

பஸ் டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். பெஞ்சில் ஆறுச்சாமி தலையைக் குனிந்து சிரிப்பதை ஆன்மேரி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கடிகாரத்தில் பன்னிரண்டு பதின்மூன்று. காளியாத்தாளுக்கு மூச்சு முட்டியது. ஒரே ஒரு மூச்சு இழுக்க வாயை மூடினாள்.

"ஆறுச்சாமி."

திரு இல்லை, அவர்கள் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இதமாக. நர்மதாவின் குரல் இல்லை அது. காளியாத்தாளின் குரல்.

காளியாத்தாள் மைக்கைத் தீயைப்போலக் கீழே போட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அது தன் வாயிலிருந்து வரவில்லை என்பதை அவளே தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

வெளியே ஆறுச்சாமி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. கேட்கவே கேட்காது என்று விட்டுவிட்ட ஒன்றைக் கேட்டுவிட்ட முகம். பிளாட்பாரக் கோடியைப் பார்த்து நடந்தார். அங்கே வண்டி எதுவும் நிற்கவில்லை. ஆனால் பெட்டியின் கைப்பிடியைப் பிடிக்கிறவரைப் போல வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினார். அதே சமயம் வளைவில் நிற்காமல் போகும் சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. ஆன்மேரி மைக்கை எடுத்து அவர் பேரைக் கத்தினாள். அவர் திரும்பவில்லை. ஸ்பீக்கரில் எது வந்தாலும் அவர் காதில் அது 'முன்னே போ' என்றுதான் விழுந்தது.

காளியாத்தாள் ஓடினாள். சேறு ஒட்டின காலோடு அந்தப் பளிங்குத் தரையில் வழுக்கி எழுந்து ஓடினாள். ஊர் பார்க்கப் புருஷனைத் தொட்டறியாதவள், அவர் நீட்டின கையின் மேல் விழுந்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, தன்னோடு தரையில் சாய்த்தாள். சரக்கு வண்டி தடதடவென்று அவர்கள் தலைமாட்டைக் கடந்தது. பெட்டிக்குப் பின் பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது.

"நீதான புள்ள கூப்பிட்டே," என்றார் அவர், அந்தச் சத்தத்துக்கு நடுவே.

"நா எப்பங்க உங்கள அப்படிக் கூப்பிட்டிருக்கறே?"

அவர் யோசித்தார். கடைசிப் பெட்டி போய், தண்டவாளம் அதிர்ந்து அடங்கிற்று. கடிகாரத்தில் பன்னிரண்டு பதினைந்து.

"அப்ப அது நீயில்லியா," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைக் காளியாத்தாள் மட்டும்தான் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பத்துக்கு எந்தக் குரலும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. ஹெட்போனில் மூச்சுச் சத்தமும் இல்லை. ஆன்மேரி சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். சங்கையா தன் வேலையை முடித்துவிட்டார் என்று நர்மதா நினைத்தாள்.

வியாழக்கிழமை ஆறுச்சாமி வந்து கல்பெஞ்சில் உட்கார்ந்தார். பன்னிரண்டேகாலுக்கு மெல்ல எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

"ஏனம்மிணி, இன்னைக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"இனி வராதுங்க பெரியப்பா."

"செரி, செரி," என்றார். போகும்போது பிளாட்பாரக் கோடியில் கொஞ்ச நேரம் நின்றார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம். சரக்கு வண்டி வருகிற நேரம் அது. ஆன்மேரி போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமையும் வந்தார். அன்றைக்கு நர்மதா தோப்புக்கு ஆள் அனுப்பிக் காளியாத்தாளிடம் சொல்லச் சொன்னாள்.

சனிக்கிழமை உச்சிக்கு அவர் துண்டை உதறித் தோளில் போட்டபோது காளியாத்தாள் வழியில் நின்றாள். "எங்க போறீங்க?"

"சும்மாதே புள்ள."

"அங்க என்ன இருக்குது?"

அவர் கொஞ்ச நேரம் தென்னை உச்சியைப் பார்த்தார். "இன்னொருக்காக் கேக்கோணும். அவ்வளவுதே." அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

காளியாத்தாள் வரப்பில் நின்று பார்த்தாள். வந்த கூப்பிடை மறிக்கலாம், மறித்துவிட்டாள். வராமலிருக்கிற கூப்பிடை எப்படி மறிப்பது? அவர் வாய்க்காலை எட்டிவிட்டார். குறுக்கே பாலமாகக் கிடக்கிற பனைமரத்துண்டில் கால் வைத்தார். தோப்பில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நாக்கு திரும்பவில்லை. அப்புறம் சொன்னாள். "ஆறுச்சாமி." காட்டில் கள்ளத்தனமாக எதையோ பறித்தவள்போல உடம்பெல்லாம் வியர்த்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். மறுபடி சொன்னாள். அவர் பாலத்தின் நடுவில் நின்றார், திரும்பவில்லை. இரண்டுக்குத் திரும்புகிற மனுஷன் இல்லை. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதையும் சொன்னாள். அவர் திரும்பினார்.

"ஏம்புள்ள?"

"சோறு ஆறிப்போகுது. வாங்க."

அவர் திரும்பி வந்தார். தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அது அந்தக் குரல் மாதிரி இதமாக இருந்ததா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்றைக்கும் அந்த வழியாகப் போகிறவர்கள் பார்க்கலாம். உச்சியானால் அவர் துண்டை உதறிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறார். காளியாத்தாள் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு, காய்ச்சல் கண்ட நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, வரப்புக்கு வந்து மூன்று தடவை கூப்பிடுகிறாள். இப்போது வயசாகிவிட்டது, ஒரே மூச்சில் வருவதில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவள் நின்று மூச்சு வாங்குகிற அந்த நேரத்தில், அவர் ஒரு காலைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்தபடிதான் நிற்கிறார்.